நவம்பர் 1 முதல் சிறு வகுப்புகள் திறப்பு: மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய், ஆரணி (2021 அக்டோபர் 18)

அனைவருக்கும் வணக்கம். கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நவம்பர் 1 அன்று திறக்கப்படும் என்று அரசு அறிவித்துவிட்டது. என் மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. கணவர் பட்டு நெசவு செய்கிறார். வீட்டில் எழுபது வயதைக் கடந்த மாமியார் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. தடுப்பூசியில் முதல் தவணை மட்டுமே போட்டிருக்கிறார்.

சென்ற வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒரு சாரார் அறிவித்த நாளிலேயே திறக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார், நவம்பர் 4 தீபாவளியாக இருக்கும்போது மூன்று நாட்களுக்காக எதற்குத் திறக்க வேண்டும், பண்டிகை முடிந்து திறக்கட்டும் என்றார்கள். மூன்றாவது தரப்பினர் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வரும் வரை அனுப்பவே மாட்டோம் என்று எழுந்து போய்விட்டார்கள். எங்களிடம் ஒப்புதல் கடிதம் ஒன்றைக் கொடுத்து, 25ஆம் தேதிக்குள் கையெழுத்திட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் மனம் ஊசலாடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விஜயதசமியன்று, சாமி முன் வைத்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசிக்கும்படி மகனிடம் சொன்னேன். நன்றாகத்தான் வாசித்தான். பாட்டி கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். பக்கத்தைத் திருப்பியபோது என் கை தற்செயலாகப் படத்தின் மேல் பட்டு அதை மறைத்தது. அவன் வாசிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கையை எடுத்ததும் மீண்டும் தொடர்ந்தான். அக்கா சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் கடைசியாகப் பள்ளியில் உட்கார்ந்தபோது ஒன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்று ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை.

ஆசிரியர்களும், மருத்துவம் அறிந்தவர்களும், செப்டம்பரில் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கிய பெற்றோரும் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஒரு தந்தை, சென்னை (அக்டோபர் 18)

சகோதரி, உங்கள் மகனைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: இப்போது அனுப்பாதீர்கள்.

இரண்டாம் அலையில், மே மாதத்தில், என் அண்ணனை இழந்தேன். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான அந்த வாரத்தில், ஒரு மருத்துவமனையின் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்குவதை நான் கையில் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். அண்ணன் வீட்டுக்கு அந்தத் தொற்றைக் கொண்டுவந்தது யார் என்று அவருடைய பதினான்கு வயது மகன் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு பிள்ளையின் மனத்தில் அந்தக் கேள்வி தங்கிவிடக் கூடாது என்பதுதான் என் அச்சம்.

கடந்த ஓராண்டில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு நவம்பர் 16 அன்று திறப்பதாக அறிவித்து, பெற்றோர் கருத்தைக் கேட்டபின் திரும்பப் பெற்றார்கள். அதே நவம்பரில் ஆந்திரத்தில் திறந்த சில நாட்களிலேயே மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தொற்று கண்டறியப்பட்டது. இங்கே ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் திறந்தார்கள்; பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் வந்தன; மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் தொற்று பரவியது; மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்புகளை மீண்டும் மூடினார்கள். ஒவ்வொரு முறையும் திறக்கும் நாளைக் குறித்தார்களே தவிர, தொற்று எந்த அளவை எட்டினால் மூடுவோம், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு வந்தால் என்ன செய்வோம் என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லவில்லை.

அந்த ஒப்புதல் கடிதத்தையும் ஊன்றிப் படியுங்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் கொடுத்த கடிதத்தில், "எங்கள் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறோம்" என்று ஒரு வரி இருந்தது. பள்ளியில் சன்னலைத் திறந்து வைப்பது என் பொறுப்பா? எட்டுப் பேர் உட்காரும் வேனில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றாமல் பார்ப்பது என் பொறுப்பா? வருகை கட்டாயமில்லை என்கிறார்கள். ஆனால் பள்ளி திறந்த நாளிலிருந்து இணையவழி வகுப்பு நின்றுவிடும் என்றால், அனுப்பாத பெற்றோருக்கு விருப்பம் என்ற சொல்லில் மிஞ்சுவது என்ன?

இரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோருக்குக் கோவேக்சின் தடுப்பூசி போடலாம் என்று வல்லுநர் குழு இந்த மாதம்தான் பரிந்துரைத்திருக்கிறது. இத்தனை மாதம் பொறுத்தோம், இன்னும் சில மாதங்கள் பொறுப்பதில் தவறில்லை.

மறுமொழி 2: தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை, செய்யாறு அருகே (அக்டோபர் 19)

சென்னைச் சகோதரருக்கு என் ஆழ்ந்த இரங்கல். அவருடைய இழப்புக்கு முன்னால் நின்று வாதாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவர் கேட்ட கேள்விகளில் பாதியை நானும் எங்கள் அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் "இன்னும் சில மாதங்கள்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. செயல்வழிக் கற்றலுக்காகச் சுவரின் அடிப்பகுதியில் தாழ்வான கரும்பலகை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதி சொந்தம். சென்ற மாதம் வகுப்பறையைச் சுத்தம் செய்யத் திறந்தபோது, அந்தப் பலகையில் "13.3.2020" என்ற தேதி அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு சிறுமி தன் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் புள்ளியை வைக்காமல் விட்டிருந்தாள். அவள் இப்போது நான்காம் வகுப்பு. பாட்டி வீட்டில் ஆடு மேய்க்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது, அந்தப் பெயரை எழுதச் சொன்னேன். முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காக உழைத்த ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளை, தாய் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், தானே தொலைக்காட்சியைப் போட்டு அரை மணி நேரம் பாடம் கேட்கும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது அதில் மின்னேற்றம் இருப்பதில்லை. இது எங்கள் ஊரின் கதை மட்டுமன்று. பொருளியலாளர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் ஆகஸ்டில் தமிழ்நாட்டையும் சேர்த்து 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏறத்தாழ 1,400 ஏழைக் குழந்தைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில், கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினர் மட்டுமே முறையாக இணையவழியில் படித்து வந்தார்கள். 37 விழுக்காட்டினர் எதையுமே படிக்கவில்லை.

எனக்குள்ள வருத்தம், திறப்பின் வரிசையைப் பற்றியது. பொதுத்தேர்வு இருப்பவர்களை முதலில் அழைத்தோம்; எழுத்தறியாதவர்களைக் கடைசியில் அழைக்கிறோம். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் தானே ஓரளவு படித்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியரின் விரலும் குரலும் பக்கத்திலேயே வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா ஜூலையிலேயே, ஆசிரியர்களும் பணியாளர்களும் தடுப்பூசி போட்டுக்கொண்ட நிலையில், தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது அறிவார்ந்த முடிவாக இருக்கும் என்றார். அதே கழகம் ஜூன், ஜூலையில் நடத்திய ஆய்வில், ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது, பள்ளி மூடியிருந்தபோதே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை அந்தத் தொற்று வீட்டிலும் தெருவிலும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. பள்ளியை மூடியதால் குழந்தைகள் அடைகாக்கப்பட்டிருந்தார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். என் பள்ளிப் பிள்ளைகளை நான் கடந்த ஆண்டு முழுவதும் சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் பார்த்தேன். தறிவீட்டில் தார் (நெசவுக்கான ஊடை நூல்) சுற்றிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பை முடித்த இரண்டு பையன்கள் தார் சுற்றுவதிலிருந்து திரும்பி வருவார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கொண்டுவரும் கூலி இப்போது அந்த வீடுகளின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

திட்டத்தில் எனக்கும் குறை உண்டு. பிள்ளைகளைப் பிரிவுகளாக்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லும் சுழற்சி முறை என்கிறார்கள். தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் வந்து சேர்ந்தவர்களால் எங்கள் பள்ளியில் 38 ஆக இருந்த எண்ணிக்கை 61 ஆகிவிட்டது. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள். ஒருவர் விடுப்பு எடுத்தால் சுழற்சி என்பது தாளில் மட்டுமே இருக்கும். வேப்பமரத்தடியில் வகுப்பு நடத்தலாம் என்று எண்ணியிருந்தேன். நவம்பர் எங்களுக்கு மழைக்காலம். ஆகையால் வராந்தாவின் தடுப்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு பிரிவை உட்கார வைக்கத் திட்டமிட்டிருக்கிறோம். முதல் சில நாட்கள் பாடப்புத்தகத்தைத் திறக்காமல் கதையும் பாட்டும் ஓவியமுமாக நடத்தச் சொல்லியிருப்பது சரியான முடிவு.

தீபாவளிக்குப் பிறகு திறக்கலாம் என்பவர்களுக்கு ஒரு சொல். ஊருக்குப் போய், உறவினரோடு கலந்து, கடைவீதியில் நெரிசல்பட்டுத் திரும்பிய மறுவாரம் திறப்பதுதான் கூடுதல் அச்சத்துக்குரியது. பண்டிகை ஒரு காரணம் என்றால், அது முடிந்து இரண்டு வாரமாவது கழித்துத் திறக்க வேண்டும். பிறகு அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும்.

மறுமொழி 3: குழந்தைநல மருத்துவர், வேலூர் (அக்டோபர் 19)

மருத்துவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குழந்தைகளுக்கு இந்தத் தொற்று பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு முடிந்துவிடுகிறது; பெரியவர்களுக்கு வருவதைப் போன்ற கடுமையான நிமோனியா அவர்களுக்கு அரிது. அரிது என்பதற்கு இல்லை என்று பொருளில்லை. தொற்று வந்து போன இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் சில குழந்தைகளுக்கு உடலின் பல உறுப்புகளையும் பாதிக்கும் அழற்சி வருகிறது. மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு கண் சிவத்தல், உடலில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். உரிய நேரத்தில் வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்திருக்கிறார்கள்.

இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை உள்ள குழந்தைகளைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

சகோதரி, உங்கள் வீட்டில் நான் அஞ்சுவது மகனுக்காக அன்று, மாமியாருக்காக. எழுபது வயது, சர்க்கரை, ஒற்றைத் தவணை என்னும் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நாள் வந்துவிட்டது என்றால் இந்த வாரமே மெகா தடுப்பூசி முகாமுக்கு அழைத்துச் சென்று இரண்டாம் தவணையைப் போட்டுவிடுங்கள். அது முழுப் பயன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை பிள்ளைகளின் படுக்கையைப் பாட்டியின் அறையிலிருந்து மாற்றுங்கள். வகுப்பறையைப் பொறுத்தவரை, வாசலில் வெப்பமானி வைத்து நெற்றியைப் பார்ப்பதைவிடச் சன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். சாப்பாட்டு நேரத்தில்தான் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள். ஆகவே அந்த அரை மணி நேரம் எங்கே, எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று பள்ளியில் கேளுங்கள்.

மறுமொழி 4: ஒரு தந்தை, சென்னை (அக்டோபர் 20)

ஆசிரியை எழுதியதை இரண்டு முறை படித்தேன். புள்ளி வைக்காத அந்தப் பெயரை என்னால் மறக்க முடியவில்லை. என் மகளுக்குத் தனியே ஒரு மடிக்கணினியும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரத் தாயும் இருக்கிறார்கள். "பொறுக்கலாம்" என்று என்னால் சொல்ல முடிவதே அதனால்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளைத் திறப்பதற்கு நான் சொன்ன எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். என் மகளைப் பொறுத்தவரை என் முடிவில் மாற்றமில்லை.

ஆனால் ஒப்புதல் கடிதத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. தடுப்பூசி போடாத ஓட்டுநர், மூடிய சன்னல், மறைக்கப்பட்ட தொற்று ஆகிய எதற்கும் பெற்றோரின் கையெழுத்து விடையாகாது. இந்த விஷயத்தில் பெற்றோர் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். செப்டம்பர் 1 முதல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தபின், சில மாவட்டங்களில் மாணவர்களுக்குத் தொற்று வந்து பள்ளிகளைச் சில நாட்கள் மூடினார்கள். அப்போது பல பெற்றோருக்குச் செய்தி தொலைக்காட்சி வழியாகத்தான் தெரிந்தது. பள்ளியிலிருந்து முதலில் தெரிய வேண்டாமா?

கேள்வி கேட்டவர் (அக்டோபர் 24)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாமியாருக்கு நேற்று முகாமில் இரண்டாம் தவணை போட்டுவிட்டோம். பிள்ளைகளின் பாய் இப்போது தறி இருக்கும் கூடத்துக்கு வந்துவிட்டது.

சென்னைச் சகோதரர் சொன்னபடி கடிதத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் பள்ளிக் கடிதத்திலும் அதே வரி இருந்தது. நான்கு தாய்மார்கள் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனோம். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். அந்த வரி மேலிருந்து வந்த படிவத்தில் இல்லை, தட்டச்சு செய்த இடத்தில் வேறொரு பள்ளியின் கடிதத்தைப் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லி, எங்கள் முன்னாலேயே பேனாவால் அடித்துக் கையெழுத்திட்டார். எந்த வகுப்பிலாவது தொற்று உறுதியானால், அந்த வகுப்புப் பெற்றோருக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டோம். வகுப்பு வகுப்பாக, திறந்த தாழ்வாரத்தில், இடைவெளி விட்டு உட்கார வைப்போம் என்றார். கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை நாங்கள் போன பிறகுதான் அவரே கவனித்தார். அதைச் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறார். 30ஆம் தேதி போய்ப் பார்க்கப் போகிறோம்.

மகனை நவம்பர் 1 முதல் அனுப்புவதாக முடிவு செய்துவிட்டேன். மகளை, பாட்டியின் தடுப்பூசிக்கு இரண்டு வாரம் நிறைந்தபின், அதாவது தீபாவளி முடிந்து அனுப்பலாம் என்று கணவர் சொல்கிறார். அவள் ஷேர் ஆட்டோவில் போக வேண்டியவள். மகன் நடந்தே போய்விடுவான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு முடிவா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். எங்களுக்கு அது பொருந்துகிறது.

செய்யாறு டீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும். சுழற்சி முறையில் அவன் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பள்ளிக்குப் போவான். வீட்டில் இருக்கும் நாட்களில் நான் அவனுக்கு என்ன சொல்லித் தரலாம்? நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

மறுமொழி 5: தலைமை ஆசிரியை, செய்யாறு அருகே (அக்டோபர் 24)

சகோதரி, எட்டாம் வகுப்பு இதற்குத் தாராளமாகப் போதும்.

முதல் இரண்டு வாரம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் பொருட்களின் பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதி அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டுங்கள்: தறி, பாவு, ஊடை, நாடா, குடம், பாய். நாளுக்கு மூன்று போதும். நான்காம் நாள் எல்லாத் துண்டுகளையும் எடுத்து, கலைத்து, அவனையே சரியான இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். தவறாக ஒட்டினால் திட்டாமல், அந்தச் சொல்லின் முதல் எழுத்தை அவன் விரலைப் பிடித்துத் தரையில் கோலமாவில் எழுத வையுங்கள். ண, ன, ந மூன்றும் அவனைக் குழப்பும். இரண்டு ஆண்டு பள்ளிக்கு வராத எல்லாப் பிள்ளைகளையும் குழப்பத்தான் செய்யும், அதற்காகப் பதற்றப்பட வேண்டாம்.

படத்தையும் மறைக்க வேண்டாம். படத்தைப் பார்த்துக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மொழி இருக்கிறது. எழுத்து மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. அவன் சொல்லும் கதையிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்து, அது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் அதன் கீழே அவனே பென்சிலால் கோடு போடட்டும். அந்தப் புத்தகத்தை முதல் நாள் பையில் வைத்து அனுப்புங்கள். அவன் எதுவரை வந்திருக்கிறான் என்று ஆசிரியர் அந்தக் கோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.